‘பழகுநர்’ என்று எழுதியதால் நீங்கிய பதிவு

அனுப்புநர்:
த. வேதா,
த/பெ. தருமன்,
பள்ளிக்கூடத் தெரு, அடி அண்ணாமலை,
திருவண்ணாமலை வட்டம்.

பெறுநர்:
மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: கட்டடப் படவரைவாளர் பதிவு நீக்கப்பட்டது – 1979ஆம் ஆண்டுப் பதிவு மூப்புடன் மீண்டும் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தொழிற்பயிற்சி முடித்து, 1979 செப்டம்பரில் தங்கள் அலுவலகத்தில் பதிவு செய்தேன். தவறாமல் புதுப்பித்தும் வந்தேன். இந்த ஜூலையில் புதுப்பிக்க எழுதிய கடிதத்தில், யாரும் கேட்காத ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன்: “தற்போது திருவண்ணாமலையில் ஒரு வரைபட அலுவலகத்தில் பழகுநராக இருக்கிறேன்.” பணியில் இருப்பதாகக் கொண்டு என் பதிவு நீக்கப்பட்டது.

2. அந்தச் சொல்லுக்கு இங்குள்ள பொருளைத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். வீட்டு வரைபடம் தயாரிக்கும் திரு. கண்ணாயிரம் அவர்களிடம் 1979இல் நாங்கள் இருவரே இருந்தோம். டிரேசிங் தாளில் ஒரு படத்தை மையிட்டு முடித்தால் பத்து ரூபாய். மறு ஆண்டு ஐவரானோம். ஆறு ரூபாய் ஆயிற்று. இப்போது மூன்று வரைபலகைகளுக்குப் பதினொருவர். சென்ற ஆண்டு முதல் எங்களுக்குப் ‘பழகுநர்’ என்று பெயர். பழகுகிறவருக்குக் கூலி கிடையாது.

3. காரணம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “நானாம்மா கம்மி பண்ணேன்? வருசா வருசம் நீங்கதான் ஜாஸ்தியா வர்றீங்க. நீ போறேன்னா போ, வாசல்ல நாலு பேர் நிக்கிறாங்க பாரு” என்றார். எட்டிப் பார்த்தேன். ஐந்து பேர் நின்றார்கள். ஊரில் புதிய வீடுகள் குறையவில்லை. ஆனால் வரைபவர்கள் அவற்றைவிட வேகமாகப் பெருகியிருக்கிறோம். நூலகத்தில் மக்கள்தொகைக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். எந்தத் தொழிலில் எத்தனை பேர் என்று இருக்கிறது. எந்தத் தொழிலுக்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது இல்லை.

4. தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தபோது எழுத்தர் அன்பாகவே பேசினார். “புதுசா பதிஞ்சிக்கோம்மா, அவ்ளோதானே?” என்றார். அப்படிப் பதிந்தால், மைப்பேனா பிடிக்க நான் சொல்லிக்கொடுத்த சந்திரகலா, பதிவில் எனக்கு மூன்று ஆண்டு மூத்தவராகிவிடுவார். என்னோடு அதே நாளில் பதிந்த ராமதாசுக்கு, அரசுப் படவரைவாளர் பணிக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் சென்ற வாரம் வந்துள்ளது. தேர்வு அக்டோபர் 17. பதிவு இருந்திருந்தால் எனக்கும் வந்திருக்கும்.

5. பிழை என் சொல்லில்தான். எனக்கு ஊதியம் எதுவும் தருவதில்லை என்று திரு. கண்ணாயிரம் அவர்கள் கையொப்பமிட்ட கடிதத்தை இணைத்துள்ளேன். நான்கு ஆண்டு வேலைக்குப் பின் அவர் எனக்குத் தந்த முதல் சான்று அது.

6. ஆகவே, அக்டோபர் 17க்கு முன் என் பழைய மூப்பைத் திருப்பித் தந்து, அத்தேர்வுக்கு என் பெயரையும் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விதி அனுமதித்தால் இன்னொன்றும் அறிய ஆவல்: மாவட்டத்தில் படவரைவாளராகப் பதிந்து காத்திருப்போர் எத்தனை பேர்? ஆண்டுக்கு எத்தனை பேருக்கு அழைப்பு போகிறது? எங்கள் தெருவில் அஞ்சலட்டை, எல்லோரும் படித்த பிறகே வீட்டுக்கு வரும் என்பதால், தபால்தலை ஒட்டிய உறை வைத்துள்ளேன். எண் எவ்வளவு பெரியதானாலும் மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகும் என் தங்கை, அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
த. வேதா

இடம்: அடி அண்ணாமலை
நாள்: 26.9.1983