இரங்கல் கூட்டத்தில் கைதட்டல்

பெஹாலா
8.1.2025

சௌபாக்கியவதி ஜலஜாவுக்கு,

நலம். நம் பெண் சுபிக்ஷா வீட்டில் நீயும் சௌக்கியம்தானே? போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் பேனாவை எடுத்தேன்.

இந்த மாதக் கடைசியோடு கல்கத்தா துறைமுக வேலை முடிகிறது. முப்பத்தொன்றாம் தேதி தமிழ்ச் சங்கத்தில் எனக்குப் பிரிவுபசாரம். வரவேற்புரை நம் சங்கச் செயலாளர் மாதவ். வந்தவர்களை உட்கார வைக்கத்தான் வரவேற்புரை, நாயகனைப் புகழ வாழ்த்துரை என்று எத்தனை தடவை சொன்னாலும், இரண்டையும் சேர்த்து அவனே பேசிவிடுகிறான்! நன்றியுரைக்காரர்கள் நாற்காலி போட்டவனை மறந்துவிடுகிறார்கள். ஏற்புரை நான். மேடையில் பக்கத்தில் நீ இல்லாவிட்டால் நன்றாகவா இருக்கும்? எதிர்வீட்டு வங்காளி மாமிகூட நீ எப்போது வருவாய் என்று தினமும் கேட்கிறாள். பொய் சொல்லி அலுத்துவிட்டது.

உன்
குருமூர்த்தி

திருச்சி
16.1.2025

உங்களுக்கு நமஸ்காரம்.

பொங்கல் வேலையெல்லாம் முடிந்து இன்றுதான் உட்கார்ந்தேன். மேடைக்கு நான் வரவில்லை.

எந்த உரை எதற்கு என்று எனக்கு எழுதுகிறீர்களே, அசோக் அண்ணாவின் இரங்கல் கூட்டத்தில் அதெல்லாம் எங்கே போயிற்று? ஹாஸ்யமும் செய்யுளுமாக வெளுத்து வாங்கினீர்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். நீங்களும் கைகூப்பி வாங்கிக்கொண்டீர்கள். வனஜா மன்னி முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "பேச்சு எப்படி இருந்தது?" என்று கேட்டீர்கள். செத்துப்போனது என் அண்ணா.

கோபம்கூட இல்லை, அலுப்புதான். கல்யாணமான நாளாய் உங்கள் பேச்சைக் கேட்டாயிற்று. போதும். மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஜலஜா

பெஹாலா
3.2.2025

ஜலஜா,

கூட்டம் நடந்தது. ஏற்புரையில் நன்றி என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். மைக் கெட்டுவிட்டதோ என்று மாதவ் தட்டிப் பார்த்தான்.

மறுநாள் சாந்த்ராகாச்சி போய் மன்னியைப் பார்த்தேன். பஸ்ஸில் என்னென்னவோ தயார் செய்தேன். அவள் கதவைத் திறந்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை. மன்னிதான் பேசினாள். கடைசி நாட்களில் அசோக் சாதம் இறங்காமல் தவித்தது எனக்குத் தெரியவே தெரியாது. அழுதுவிட்டேன்.

காபியை வைத்துவிட்டு மன்னி சொன்னாள்: "இப்பத்தான் துக்கம் கேக்க வந்திருக்கேள்."

உன்னை வா என்று எழுத எனக்கு முகமில்லை.

குருமூர்த்தி

திருச்சி
12.2.2025

உங்களுக்கு,

மன்னி போனில் எல்லாம் சொன்னாள். அவளோடு கொஞ்ச நாள் இருக்கலாம் என்று புறப்படுகிறேன். பெஹாலாவுக்கு வருவேனா என்று இப்போது கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாந்த்ராகாச்சியில் இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள். ஒன்றும் பேச வேண்டாம். பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள், கனமாக இருக்கும்.

ஜலஜா