பதினேழாவது பெயர்

சான் ஹெனாரோ, பராகுவே
1998 ஜூன் 14, ஞாயிறு

அன்பு மகன் தெர்லிசுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை நிதியாவும் நன்றாக இருக்கிறோம், பசுவுக்குத்தான் காலில் வீக்கம், மருந்து கட்டியிருக்கிறது. புவனோஸ் ஐரஸில் நீ எப்படி இருக்கிறாய் என்பது நீ எழுதினால்தானே தெரியும், ஐந்து வாரமாக ஒரு வரி இல்லை. குளிரில் சாரத்தின் மேல் ஏறி வேலை செய்கிறவன் கழுத்தை மூடிக்கொள்ள வேண்டும், போன வருஷம் நான் பின்னிக் கொடுத்தது எதற்கு? சரி, திட்டுவதற்காக எழுதவில்லை. வெள்ளிக்கிழமை நம் ஊரில் நடந்ததை வேறு யாராவது திரித்து உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றாள். என்னைவிடப் பத்து வயது இளையவள் இருப்பாள், இரட்டைப் பின்னல், தலையில் தொப்பி, கையில் ஒரு துணிமூட்டை. பொலிவியாவிலிருந்து மூன்று நாள் பஸ்ஸில் வந்திருக்கிறாள், பெயர் பசிலியா கோல்கே. கல்லறைத் தோட்டத்துப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது என்று யாரோ அனுப்பி வைத்திருக்கிறார்கள். அவளுடைய பெரியப்பா சதுர்னினோ, பொலிவியாவோடு நடந்த சாக்கோப் போரில் நம் ஆட்களிடம் பிடிபட்டு, கைதியாக இந்த ஊருக்குச் சாலை போட வந்தவராம். காய்ச்சலில் இங்கேயே செத்துப்போனார், கிழக்குச் சுவரோரம் புதைத்தார்கள் என்று கூட இருந்த கைதி ஊர் திரும்பிச் சொன்னாராம். உனக்கும் தெரியுமே, "பொலிவியன், 1935" என்று மட்டும் எழுதிய மரச்சிலுவை. அப்படி ஒன்றுதான் இருக்கிறது. கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் அழவில்லை, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள், இருட்டும்வரை எழுந்திருக்கவே இல்லை. உன் அறையில்தான் தங்க வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜூன் பன்னிரண்டு, போர் முடிந்த நாள். வழக்கம்போல அதில் இறந்த ஊர்ச் சிப்பாய்களின் பெயரை நான் வாசிக்க வேண்டும், அவரவர் வீட்டார் "இருக்கிறார்" என்று குரல் கொடுக்க வேண்டும். பதினாறு பெயர். இந்த வருஷம் பதினேழு என்று முடிவு செய்துவிட்டேன். ஊரில் மிச்சம் இருக்கிற ஒரே போர்வீரர் எலாதியோ சித்தப்பா, அவரிடம் மறைத்துச் செய்யக்கூடாது என்று வியாழக்கிழமை நேரில் போய்ச் சொன்னேன். மாத்தே குடித்துக்கொண்டிருந்தவர் குவளையைக் கீழே வைத்துவிட்டார். "ஏ புள்ள, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? போக்கெரோன் சண்டையில உங்கப்பன் என் பக்கத்துல விழுந்தான். சுட்டவன் இவனாக்கூட இருக்கலாம்" என்றார். "இருக்கலாம் சித்தப்பா. அப்பாவைப் புதைச்ச இடம் உங்களுக்கே தெரியாது. அந்த நாட்டுப் பொம்பளை எவளாவது அவர் எலும்பைக் கண்டா ஒரு பூ வச்சிட்டுப் போகணும்னுதான் நான் அறுபது வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்றேன். நீ அந்தப் பேரை வாசித்தால் நான் வரமாட்டேன் என்றார். "நாற்காலி போட்டு வைப்பேன், வர்றது உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை உலகக் கோப்பையில் பல்கேரியாவோடு பந்தாட்டம், கோல் இல்லாமல் முடிந்ததை நீயும் பார்த்திருப்பாய். அதனால் பதினோரு மணிக்குத்தான் கல்லறைத் தோட்டத்தில் கூடினோம், பாதிப் பேர் சிவப்பு வெள்ளை பனியனோடு அப்படியே வந்துவிட்டார்கள். நாற்காலி காலியாக இருந்தது. மூன்றாவது பெயர் வாசிக்கும்போது சித்தப்பா பதக்கம் குத்திய கோட்டோடு வந்து, என்னைப் பார்க்காமலே உட்கார்ந்தார். உன் தாத்தா பெயருக்கு நானே "இருக்கிறார்" என்றேன். பதினாறும் முடிந்தது. தாளை மடிக்காமல் "சதுர்னினோ கோல்கே, பொலிவியா" என்று வாசித்தேன். பள்ளிக்கூடத்து டீச்சர்கூடத் தரையைப் பார்த்தாள். பின்வரிசையிலிருந்து பசிலியா முணுமுணுப்பது போல "இருக்கார்" என்றாள். சித்தப்பா தடியைத் தரையில் ஓங்கித் தட்டினார். போச்சு, எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். "என்ன சொன்னா? ஒண்ணும் கேக்கலை. ராணுவத்துல பேரைக் கூப்பிட்டா இப்படியா பதில் சொல்றது? சத்தமாச் சொல்லும்மா!" என்றார். அவள் கத்தினாளே ஒரு கத்து, சுவரில் இருந்த பறவையெல்லாம் பறந்தன. அப்புறம் சித்தப்பா எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். அவரைப் பார்த்து ஆண்கள் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். எனக்குக் கண்ணாடி மங்கிவிட்டது, அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

எல்லாருக்கும் சம்மதம் என்று சொல்லமாட்டேன். கடைக்காரர் என்னிடம் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை, பசித்து என் சிப்பா ரொட்டி வாங்க வரும்போது தானாகப் பேசுவார். பசிலியா நேற்று ஊருக்குப் புறப்பட்டாள். வழிக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

இப்போது உனக்கு ஒரு வேலை. மரச்சிலுவை அடியில் இற்றுவிட்டது. நீ இரும்பு ஒட்டுகிற இடத்தில் துண்டுக் கம்பி கிடைக்குமே, முதலாளியிடம் கேட்டு எடுத்து ஒரு சிலுவை செய், நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு வரும்போது கொண்டு வா. அதில் எழுத வேண்டியது: சதுர்னினோ கோல்கே, 1913 முதல் 1935 வரை. பிறந்த வருஷம் பசிலியா சொன்னது. நல்ல சோறு சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமையாவது வேலைக்குப் போகாதே, கன்னி மாதா உன் கைக்கும் காலுக்கும் துணை இருக்கட்டும். இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது எலாதியோ சித்தப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, பையனுக்கா எழுதுகிறாய் என்று கேட்டார். ஆமாம், சிலுவை விஷயம் என்றேன். "பொலிவியன்னு மட்டும் போட்டுறப் போறான். பேருக்கு முன்னாடி சிப்பாய்னு போடச் சொல்லு" என்றார். மறந்துவிடாதே.

முத்தங்களுடன், உன் அம்மா
எர்மெலிந்தா