பாலத்துக்கு உன் பெயர் வைத்திருக்கிறார்கள்

என் உயிரான அக்காவுக்கு,

நீ போன பிறகு வருகிற முதல் உப்புக்காலம் இது. மரக்காணத்தில் வெயில் ஏறிவிட்டது. பாத்திகளில் உப்பு விளைந்து கிடக்கிறது, வாருவதற்குத்தான் ஆள் இல்லை. ஏன் என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

திண்டிவனம் கல்லூரியில் நிர்வாகவியல் நடத்தப் போனதிலிருந்து நிர்வாகத்தைப் பற்றி எழுதிய அந்த அமெரிக்க அம்மாவைப் பற்றித்தான் உனக்குப் பேச்சு. அதிகாரம் என்பது அடுத்தவர் மேல் ஏறி நிற்பதல்ல, கூட நின்று செய்வது என்று அந்தக் காலத்திலேயே முதலாளிகள் முன்னால் போய்ச் சொன்னவர். அவர் செத்ததும் உலகம் அவரை மறந்துவிட்டது என்பதில் உனக்கு ஆறாத வருத்தம். "பாடபுஸ்தகத்துல ஒரு பத்தி குடுத்திருக்காங்கடா, அவ்ளோதான்" என்பாய். உப்பளக் குத்தகைக்காரனான எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை, சுனாமி வரும்வரை.

உப்பு வாரும் அஞ்சலையின் புருஷன் அன்று கால்வாய்க்கு அந்தப் பக்கம், கடலோரப் பாத்திகளில் வரப்பு கட்டப் போனவர் திரும்பவில்லை. கடல் பின்னால் துரத்த, முன்னால் கால்வாய். தாண்ட வழியில்லாமல் அங்கேயே போய்விட்டார். அதற்குப் பிறகு தொழிலாளிகள் ஒருவரும் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டோம் என்றார்கள். வெளியூர் ஆட்களைக் கொண்டுவருவோம் என்றார் குத்தகைக்காரர் சங்கத்தின் தலைவர் ஏழுமலை அண்ணன். பாதிப் பாத்திகளை மட்டும் வேலை செய்யலாம் என்று நான் சமாதானம் பேசிப் பார்த்தேன்.

நீதான் இரண்டு தரப்பையும் ஒரே தார்ப்பாயில் உட்கார வைத்தாய். பாதி பாதி விட்டுக்கொடுத்தால் இரண்டு பேருக்கும் மனசில் குறைதான் நிற்கும் என்றாய். என்ன வேண்டும் என்று கேட்காமல் எதற்குப் பயம் என்று கேட்டாய். அஞ்சலைதான் முதலில் வாய் திறந்தாள்.

"கடலுக்குப் பயமில்லீங்க. ஓடறதுக்கு வழியில்லையே, அதுக்குத்தான் பயம்."

அப்புறம் எல்லாம் தானாக நடந்ததுபோல் இருந்தது. கால்வாய்க்குக் குறுக்கே பாலம் வந்தால் உப்பு மூட்டையைச் சுற்று வழியில் எடுத்துப் போக வேண்டியதில்லை என்று ஏழுமலை அண்ணனே கண்டுபிடித்துச் சொன்னார். பாலம் வந்தது. தண்ணீர் ஏறுவதை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் குரல்தான் உத்தரவு, மேஸ்திரியைக் கேட்க வேண்டியதில்லை என்றும் முடிவானது. அந்த அமெரிக்க அம்மா சொன்னது இதுதான், நிலைமைதான் உத்தரவு போடுகிறது, மனுஷன் அல்ல என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில், பெருமுக்கல் தாண்டி, கல்லூரிக்குப் போன உன் வண்டி மேல் லாரி ஏறியது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பாலத்தில் உன் பெயரைக் கல்லில் வெட்டிப் பதித்தார்கள். சங்க ஆபீசில் உன் படத்துக்கு மாலை போட்டார்கள். ஏழுமலை அண்ணன் மைக்கில் உன்னைப் பற்றிப் பேசி அழுதார். அழுகை பொய்யில்லை அக்கா, நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இந்தக் கோடையில் ஒருநாள் கடல் சீறி, கால்வாயில் தண்ணீர் ஏறியது. அஞ்சலை குரல் கொடுத்தாள், எல்லோரும் போட்டது போட்டபடி ஓடி வந்துவிட்டார்கள். தண்ணீர் வந்த வேகத்தில் வடிந்தது. ஒரு நாள் வேலை கெட்டதென்று சங்கத்தில் கொதித்தார்கள். இனி மேஸ்திரி சொன்னால்தான் வெளியே வரலாம் என்றார்கள். அஞ்சலையை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உப்பு திருடு போகிறது என்று பாலத்துக்கு இரும்புக் கேட் போட்டு, ஆட்கள் உள்ளே போனதும் பூட்டச் சொன்னார்கள். கடல் பக்கம் ஆட்களை வைத்துப் பூட்டுகிறார்கள், அக்கா. உன் பெயருக்கு நேராகத்தான் பூட்டு தொங்குகிறது.

நான் கூட்டத்தில் கத்தினேன். ஏழுமலை அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "பாலம் போட்டது சங்கம். பூட்டறதும் சங்கம்தான். உக்காருப்பா" என்றார். பூட்டு வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். என் கை மட்டும் தனியாக நின்றது.

அஞ்சலையை என் பாத்திக்கு வேலைக்குக் கூப்பிட்டேன். மற்றவர்களை உள்ளே வைத்துப் பூட்டும்போது தான் மட்டும் எப்படி வருவது என்று மறுத்துவிட்டாள். மறுநாளிலிருந்து ஒருவரும் வேலைக்கு வரவில்லை. பாலத்தடியில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் இருந்தது தீர்ந்துபோய், அடுப்பு எரியாத வீடுகள் இருக்கின்றன. வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு நாளை காலையில் வண்டி வருகிறதாம்.

சாயங்காலம் ஏழுமலை அண்ணன் சொல்லி அனுப்பினார். என் ஆட்களுக்கு மட்டும் ஒரு சாவி தருகிறாராம், நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட வேண்டுமாம். பாதி பாதி. வாங்கிக்கொள்ளலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். என் உப்பும்தானே கிடக்கிறது.

நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? அவரைத் திட்டியிருக்க மாட்டாய். உங்களுக்கு எதற்குப் பயம் என்று அவரிடமும் கேட்டிருப்பாய். அதை நாங்கள் யாருமே இன்னும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வருமா என்பதும் தெரியவில்லை.

சாவி வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாளை வண்டி வரும்போது அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஏழுமலை அண்ணன் வந்து இறங்கினால் எழுந்து கத்த மாட்டேன். தார்ப்பாயில் இடம் விட்டு, உட்காருங்கள் என்று சொல்வேன். உட்காராமல் போனாலும், அடுத்த நாளும் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்கூடப் பிறந்தவன்,
உன் தம்பி சேகர்