கையில் வாங்காத சம்மன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், ஆனால் யாராவது கேட்டால் நாங்கள் எப்படி இருக்கிறோம், எங்கே இருக்கிறோம் என்பதெல்லாம் உனக்குத் தெரியாது என்று சொல்லிவிடு. நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று மட்டும் எழுது, விவரம் வேண்டாம். இந்த வீட்டின் வரலாற்றில் முக்கியமான ஒரு முடிவை உனக்கு முறைப்படி தெரிவிப்பது என் கடமை. போன வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து, விஷயத்தை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்து, அம்மாவின் கடுமையான ஆட்சேபத்தையும் மதித்துக் கேட்டுக்கொண்டு, கடைசியில் வாசல் அழைப்பு மணியின் பேட்டரியைக் கழற்றிவிடுவது என்று தீர்மானித்தோம். கழற்றியாகிவிட்டது. பேட்டரி பத்திரமாக இருக்கிறது, எங்கே என்று கடிதத்தில் எழுதுவதற்கில்லை.

காரணம் சொல்கிறேன். வீட்டுக்காரர் நம்மைக் காலி செய்யச் சொல்லிக் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். சர்க்கரை என்று நீதானே அவருக்குப் பெயர் வைத்தாய், சரியாகத்தான் வைத்திருக்கிறாய். அவர் என் முழங்கால் வலியை விசாரித்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கூரை ஒழுகுகிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் விழாத மனிதர், பாவம் உங்களுக்கு மாடி ஏறுவது சிரமமாக இருக்குமே, தரைத்தளமாக ஒரு வீடு பார்த்துக்கொண்டால் என்ன என்று உருகினார். நாம் இருப்பதே தரைத்தளம். பிறகு, மகன் கடை வைக்கப் போகிறான், அதற்கு இடம் வேண்டும் என்றார். என்ன கடை என்று கேட்டேன், அது இன்னும் முடிவாகவில்லையாம். முன்னறையில் என் பைண்டிங் வேலை, பின்னால் குடித்தனம், இந்த இடம் போனால் பிழைப்பும் வீடும் ஒரே நாளில் போய்விடும், அதனால் நான் சும்மா இருக்கவில்லை. வக்கீல் குமாஸ்தா முதுகு பிய்ந்த ஒரு சட்டப் புத்தகத்தைத் தைக்கக் கொண்டுவந்தார், தைத்துக்கொண்டே படிப்பது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். வழக்கின் சம்மனை எதிராளியின் கையில் நேராகக் கொடுக்க வேண்டும் என்று அதில் ஐயத்துக்கு இடமில்லாமல் அச்சடித்திருந்தது. அத்தோடு பக்கம் முடிந்தது, அடுத்த பாரம், அதாவது அடுத்த பதினாறு பக்கம், புத்தகத்தில் இல்லை, வக்கீல் ஏதோ வழக்குக்காக அதை மட்டும் தனியே உருவி வைத்திருக்கிறாராம். அதில் பெரும்பாலும் உதாரணங்கள்தான் இருக்கும், இவ்வகைப் புத்தகங்களில் சாரத்தை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் பக்கத்தை நிரப்புவார்கள். ஆக, கை நீட்டாதவன் மேல் வழக்கு நகராது. இதை அம்மாவிடம் சொன்னதற்கு, சட்டத்தைத் தைக்கிறவருக்கெல்லாம் சட்டம் தெரியும் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போர்வை தைக்கிறவர் ஆபரேஷனும் செய்துவிடலாமே என்கிறாள். குமாஸ்தாவோ ஒருபடி மேலே போய், அண்ணே, உங்கள் பக்கம் ஒரு தப்பும் இல்லை, கோர்ட்டுக்கு வந்து ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டு நடந்ததைச் சொல்லுங்கள், இந்த மாதிரி வழக்கு உங்கள் ஆயுசுக்கும் ஓடும், நிம்மதியாக இங்கேயே இருக்கலாம் என்றார். சம்மன் கொண்டு வருகிற அமீனாவும் இவரும் ஒரே கடையில் டீ குடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். கூலி வாங்காமல் ஒருவர் நல்லது சொல்கிறார் என்றால் கூலியை வேறு யார் கொடுத்தார்கள் என்று யோசிக்க வேண்டாமா?

இப்போது போகவர எல்லாம் சமையலறைக் கதவு வழியாகத்தான். முன்னறையில் விளக்குப் போடுவதில்லை, புத்தகத்தைத் தட்டுகிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத் தலையணை வைத்துத் தட்டுகிறேன். தண்ணீர்க் குழாய் ரிப்பேர்க்காரர் என்று ஒருவர் வந்தார், ஒளிந்திருந்து கவனித்ததில் அவர் நடை குழாய்க்காரர் நடை மாதிரி இல்லை, திருப்பி அனுப்பிவிட்டேன், குழாய் இன்னும் சொட்டுகிறது. நீ அனுப்பிய பார்சலும் உனக்கே திரும்பி வரும். கொண்டு வந்த பையன் ஜன்னலைத் தட்டி, உங்கள் மகள் அனுப்பியது ஐயா என்றான், அவ்வளவு சரியாக அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. உள்ளே இருந்தது அம்மாவுக்குப் படிக்கிற கண்ணாடி என்று நீ போனில் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், வீடு நிசப்தமாக இருக்கிறது, ஒளிந்திருப்பவர்களுக்கு அது வசதிதான். நேற்று அமீனாவே வந்தார். நெடுநேரம் கதவைத் தட்டினார், கூப்பிட்டுப் பார்த்தார், பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நம் கதவில் ஒட்டி, அதைப் போனில் படமும் பிடித்துக்கொண்டு போனார். தோல்வியை ஒப்புக்கொள்வதில் இது ஒரு முறை போலிருக்கிறது. பசை மட்டமான பசை, ஓரத்துக்குத் தடவவே இல்லை, நடுவில் ஒரு கோடு இழுத்துவிட்டிருக்கிறார், அரசாங்க வேலை அப்படித்தான். படித்தால் வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஈரத்துணி ஒற்றி, தகட்டால் மெல்ல நெம்பி, கதவுப் பெயின்ட் ஒரு பொட்டுக்கூட உதிராமல் உரித்துக் குப்பையில் போட்டேன். கண்ணாடி இல்லாததால் அம்மாவாலும் படிக்க முடியவில்லை, பார்சல் திரும்பிப் போனதிலும் ஒரு நன்மை உண்டு பார்.

நீயும் ஜாக்கிரதையாக இரு. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே, படித்த பிறகும் யோசித்துப் போடு. அங்கே உங்கள் வீட்டுக்காரர் உடம்பைப் பற்றி விசாரித்தால் உடனே எனக்கு எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை வேலைக்குப் போகிற இடத்தில் யாரோடும் வாக்குவாதம் வேண்டாம் என்று சொல். எந்தக் கோர்ட் வராந்தாவிலும் எந்தச் சேவகனும் உங்கள் பெயரை மூன்று தரம் உரக்கக் கூப்பிடாதபடி நீங்கள் இருவரும் நீண்ட காலம் நிம்மதியாக வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறோம். போனில் வழக்கைப் பற்றிப் பேசாதே என்பதை மறக்காதே.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அப்பா
(அம்மாவும் வாழ்த்துகிறாள், ஜாடையில் சொன்னாள்)

பி.கு. தபால் பெட்டி வரைக்கும் போகத் தோதான வேளை பார்த்துக்கொண்டே இருந்ததில் இந்தக் கடிதம் இரண்டு மாதம் என்னிடமே தங்கிவிட்டது. கதவில் ஒட்டியதே கையில் கொடுத்ததற்குச் சமமாம், நாங்கள் ஆஜராகவில்லை என்று வழக்கை வீட்டுக்காரர் பக்கமாகத் தீர்த்துவிட்டார்கள். பதில் எழுதும்போது உன் பெரிய மாமா வீட்டு விலாசத்துக்கு எழுது. எங்களுக்கு மாடியில் பின்பக்க அறையைக் கொடுத்திருக்கிறார்கள், அட்டை வெட்டும் இயந்திரம் படியில் ஏறாததால் வெளியே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.