பத்தாம் நம்பர் செருப்பு

பாக்யா,

உன் செருப்பு ஸ்டாண்டு என் கதவுவரை வந்துவிட்டது, கொஞ்சம் தள்ளிப் போடு என்றுதான் சொன்னேன். கோபமென்றால் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் கருமாதி முடிந்த கையோடு என்னை மதகடிப்பட்டுச் சந்தைக்கு அழைத்துப் போனது நீதான். "வாசல்ல ஆம்பள செருப்பு கெடந்தா ஒருத்தனும் வாலாட்ட மாட்டான்கா" என்று பத்தாம் நம்பரில் ஒரு ஜோடி எடுத்தாய். புதிதாகத் தெரிந்தால் சந்தேகம் வருமென்று உன் வீட்டுக்காரரை அதைப் போட்டுக்கொண்டு உறுவையாறு வயலுக்குப் போகவைத்தாய். சேறு காய்வதற்குள் என் வாசலில் கொண்டுவந்து வைத்தாய். தினமும் இடம் மாற்றிப் போடச் சொல்லிக்கொடுத்ததும் நீதான். நம் இரண்டு வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது.

நேற்று காரிடாரில் நின்று மூன்று மாடிக்கும் கேட்கக் கத்தினாய். "என் ஸ்டாண்டு மட்டும்தான் கண்ண உறுத்துதா? ஆம்பளயே இல்லாத வூட்டுக்கு ஆம்பள செருப்பு இன்னாத்துக்கு?"

வாய் தவறிவிட்டதென்று ஒரு நொடி நீ திகைத்திருந்தால்கூட விட்டிருப்பேன். நீ அந்தச் செருப்பைக் காலால் ஒதுக்கிவிட்டு ஸ்டாண்டை இன்னும் இழுத்துப் போட்டாய்.

இரண்டு வருஷமாகத் தண்ணீர் கேன் போடுகிறவர் இன்று காலை முதல்முறையாகக் கேட்டார்: "தனியாதான் இருக்கீங்களாக்கா?"

செருப்பை உன் ஸ்டாண்டிலேயே வைத்துவிட்டேன். இங்கே இனி அதற்கு வேலை இல்லை.

இத்தனை நாளும் நீ தட்டினால் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு கதவைத் திறப்பேன். இனி உன்னிடமும் யாரென்று கேட்டுவிட்டுத்தான் திறப்பேன்.

இப்படிக்கு,
எதிர் வீட்டுக்காரி