நீங்க வந்தது கேக்கல்ல

ஜெஸீமா,

நீ ராத்தா ஊட்டால வாறத்துக்குள்ள நான் வெளிக்கிட்டிருவன். மீன் ஆணம் சட்டிக்குள்ள இரிக்கி, சூடாக்கித் தின்னு.

புது இஞ்சினோட தந்த புரப்பல்லர மாத்த அட்டாளைச்சேனைக்குப் போறன். பதிமூண்டு நம்பர் நல்லா ஓடும் எண்டு கடைக்காரன் சொன்னத நம்பிட்டன். கடல்ல, வலை இல்லாம, வெறும் போட்டு பறந்துதான். வலைய ஏத்தினதும் இஞ்சின் முக்குது. பதினொண்டு போட்டா ஓட்டம் குறையும், இழுவை கூடும். 'பழைய போட்டுக்கு என்னத்துக்கு இந்தப் பறப்பு' எண்டு நீ அண்டைக்கே சொன்னாய்.

நேத்து ஏசினத்துக்குக் கோவிக்காத. புது இஞ்சின்ல முதல் நாள் வாறன், தேத்தண்ணி இல்ல. கேட்டா, 'நீங்க வந்தது கேக்கல்ல' எண்டாய். சாட்டுச் சொல்றாய் எண்டு நெனச்சுட்டன்.

சுபஹு தொழுதுட்டு இருக்கக்குள்ளதான் வெளங்கினது. பதினெட்டு வருசமா நான் படியேற முந்தித் தேத்தண்ணி ஆத்தி வெச்சிருப்பாய். கலியாணம் முடிச்ச புதுசில, 'நான் வாறது எப்பிடிப் புள்ள தெரியும்' எண்டு கேட்டன். சிரிச்சாய், சொல்லல்ல. ஊரே ஏசின அந்தப் பழைய இஞ்சின்ட சத்தம், குசினிக்குள்ள ஒனக்குக் கேட்டிரிக்கி.

மீராசா

பாண்டிருப்பில இருந்து குணம் எண்டவரு பழைய இஞ்சின வெலைக்குக் கேட்டு வருவாரு. குடுக்கிறதும் உடுறதும் ஒன்ட விருப்பம்.

எழுத மறந்திட்டன். பின்னேரம் அஸறு தொழுதுட்டுக் கரைக்கு வா. புதுசுக்குச் சத்தம் குறைவு. ரெண்டு தரம் ஓட்டிக் காட்டுறன், காதில வெச்சுக்க.