அடித்து எழுதிய வரி

வியாழன் இரவு, லிந்துலை.

தேயிலைத் தோட்டத்தில் கிளினிக் நடத்தப் பணம் கேட்டு அறக்கட்டளைக்கு நான் எழுதிய விண்ணப்பத்தை, இன்று மதிய இடைவேளையில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்களிடம் வாசித்தேன். "சர்க்கரை, பிரஷர் பற்றி இம்மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்ற வரியில், கொழுந்து பறிக்கும் ராசம்மாக்கா என்னை நிறுத்தினார்.

"எங்களுக்குத் தெரியாமலா இருக்கு, தங்கச்சி? காலையில கிளினிக் வச்சா வேலைய விட்டுட்டு எப்படி வர்றது? அரைநாள் சம்பளம் போயிருமே. சாயங்காலம் வைங்க, எல்லாரும் வருவோம்."

நானும் லயத்தில் பிறந்தவள்தான். அந்த வரியை எப்படி எழுதினேன்? அங்கேயே அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

மாலையில் அதை அறக்கட்டளை அதிகாரிக்குப் போனில் வாசித்தேன். "இதைச் சொன்னவங்களை நான் பார்க்கணும், அடுத்த வாரம் வர்றேன்" என்றார்.

ராசம்மாக்காவிடம் சொன்னேன். "வரட்டும், நானே பேசுறேன்" என்றார்.

பணம் கிடைக்குமா, தெரியவில்லை. ஆனால் இந்த முறை கேட்கப்போவது நான் மட்டுமில்லை.